அரிசிமணிகளின்மேல் ஒரு முழந்தாள்

முழந்தாளிடுதல் வழிபாட்டின் அடையாளம். அதுவே தண்டனையாகவும் இருந்த காலத்தை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். விடுதிகளில் சரளைக்கல்லின்மேலும், சில வீடுகளில் கல்லுப்பின்மேலும் சிறுவர்கள் முழந்தாளிட்டதுண்டு. நாமும் அப்படி முழந்தாளிட்டவர்தாம். பின்னொரு காலத்தில் பிறரை முழந்தாளிடச் செய்தவரும்தாம். எனவே, ஒரு தாய் தன் பதினைந்து வயது மகளை அன்னை மரியாவின் திருவுருவத்தின் முன் அரிசிமணிகளின்மேல் முழந்தாளிட வைக்கும் காட்சியை அண்மையில் ஒரு நூலில் படித்தபோது, நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வாளாவிருந்தோம்.

நூலின் பெயர் 'த பொயட் எக்ஸ்'. எழுதியவர் எலிசபெத் அசெவேடோ. டொமினிக்கன் குடியரசிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். மேடையில் கவிதை நிகழ்த்துவதில் பெயர் பெற்றவர். 2018இல் வெளிவந்த இந்நூல் அவ்வாண்டே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் இலக்கியப் பிரிவில் பெற்றது. 2019இல் அமெரிக்காவின் பிரின்ட்ஸ் விருதும் இங்கிலாந்தின் கார்னகி பதக்கமும் இதற்குக் கிடைத்தன. விருதுகளைக் கண்டு நாம் இந்நூலைத் தேடிச் செல்லவில்லை. நம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருவரின் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். விடுமுறையில் வந்தவள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் இதை நம் கையில் கொடுத்து, "படித்துவிட்டுத் திட்டுங்கள், ஃபாதர்" என்று சொல்லிச் சென்றாள். படித்தோம். திட்டுவதற்கும் சில இடங்கள் உண்டு. அவற்றைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் வடிவத்தைப் பற்றி. இது கவிதைப் புதினம். செய்யுளில் கதை சொல்வது நமக்குப் புதிதன்று. சூசையப்பரின் வரலாற்றை மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களில் பாடிய தேம்பாவணியை மடியில் வைத்து வளர்ந்த திருச்சபை நம்முடையது. ஆனால் அதை மனத்திற்கொண்டு இதைத் திறப்பவர் ஏமாந்து போவார். இங்கே யாப்பு இல்லை, வருணனை இல்லை, காப்பியத் தலைவனும் இல்லை. தலைப்பிட்ட சிறுசிறு புதுக்கவிதைகள், ஒரு பக்கம் அல்லது ஒன்றரைப் பக்கம். அவற்றைக் கோத்துக் கதையை உண்டாக்கிக்கொள்வது படிப்பவர் பொறுப்பு. பக்கத்தில் பாதி வெறும் வெள்ளைத்தாள். காகித விலையைக் கணக்குப் பார்த்தே பழகிய நம் மாத இதழின் நிருவாகிக்கு இந்நூலைக் காட்டினால் மயங்கி விழுந்துவிடுவார்.

அமெரிக்காவில் இவ்வகை நூல்கள் 1990களிலிருந்து பெருகி வருகின்றன. கேரன் ஹெஸ்ஸி என்பார் 1997இல் வெளியிட்ட 'அவுட் ஆஃப் த டஸ்ட்' மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றபின், இளையோருக்கான கவிதைப் புதினம் ஒரு தனி வகையாகவே நிலைபெற்றது. இவற்றுள் கணிசமானவை துன்பத்தில் உழலும் வளரிளம் பருவத்தினரைப் பற்றியவை. அத்துன்பம் கண்டிப்பான சமயக் குடும்பத்திலிருந்து எழுவதாகக் காட்டும் நூல்களே இங்கு நம் கருத்துக்குரியவை. அவற்றுள் மூன்றை அடுத்தடுத்துப் படித்தோம். மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

அசெவேடோவின் கதை இது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழும் சியோமாரா வளர்ந்த உடலும் அடக்கமற்ற கேள்விகளும் உடையவள். அவளோடு பிறந்த இரட்டையன் சேவியர் படிப்பில் சூரன், அமைதியானவன். தாய் அல்தாகிராசியா அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்து பிழைப்பவர். ஆலயமே அவருக்கு மூச்சு. மகள் உறுதிப்பூசுதல் பெறவேண்டும் என்பது தாயின் தவிப்பு. மகளுக்கோ அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும்போதெல்லாம் ஏவாளைப் பற்றியும் பெண்ணின் உடலைப் பற்றியும் கேட்கக் கூடாத கேள்விகள் எழுகின்றன. எல்லாரும் நற்கருணை வாங்க எழும்போது ஒருநாள் அவள் எழாமல் இருக்கையிலேயே அமர்ந்துவிடுகிறாள். தன்னோடு படிக்கும் அமான் என்னும் இளைஞனை முத்தமிடுவதைத் தாய் ஒருநாள் இரயிலில் கண்டுவிடுகிறார். அதன்பின் வருவதுதான் நாம் மேலே சொன்ன அரிசிமணிக் காட்சி.

அந்தத் தாயின் பெயரில் நாம் நெடுநேரம் நின்றோம். அல்தாகிராசியா என்பது டொமினிக்கன் நாட்டு மக்கள் தங்கள் காவலியாகப் போற்றும் அன்னையின் பெயர். அந்நாட்டின் இகுவேய் நகரில் உள்ள பேராலயத்தில் அவ்வன்னையின் பழைய ஓவியம் வணங்கப்படுகிறது. அவ்வோவியத்தில் அன்னை என்ன செய்கிறாள்? தீவனத் தொட்டியில் கிடக்கும் குழந்தையைக் கைகூப்பித் தலைகுனிந்து நோக்கிக்கொண்டிருக்கிறாள். தாய் குழந்தையின் முன் தாழ்கிறாள். அதே பெயர் தாங்கிய கதைத்தாயோ குழந்தையைத் தாயின் சிலைமுன் தாழ்த்துகிறாள். ஆசிரியை இதை எண்ணித்தான் பெயரிட்டாரா என்பது நமக்குத் தேவையில்லை. பெயர் அங்கே இருக்கிறது. ஓவியம் அங்கே இருக்கிறது. இறையியல் படித்த எவரும் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க இயலாது.

தாயை ஒரு கொடுமைக்காரியாக ஆசிரியை தீட்டவில்லை என்பது இந்நூலின் பெருஞ்சிறப்பு. இளமையில் துறவற மடத்தில் சேர விழைந்தவர் அவர். அமெரிக்காவுக்குச் செல்ல ஒரு வழியாகத் திருமணம் அவர்மேல் சுமத்தப்பட்டது. வாய்த்த கணவரோ பெண்களின் பின் அலைந்தவர். நெடுங்காலம் கழித்து, நம்பிக்கை அற்றுப்போன வயதில், இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அதைப் புதுமை என்றே அவர் ஏற்றார். நேர்ச்சையால் வந்த பிள்ளைகள் நேர்ச்சைக்கு உரியவர்கள் அல்லவா? தாம் அணிய முடியாமற்போன துறவற உடையை மகளின் உள்ளத்துக்கேனும் அணிவித்துவிடத் துடிக்கிறார். நம் பங்குகளில் இத்தகைய அன்னையரை நாம் அறிவோம். காலைத் திருப்பலிக்கு முதலில் வந்து அமர்பவர்கள் இவர்களே.

சாமுவேலின் தாய் அன்னாவும் நேர்ந்துகொண்டவள்தான். பால் மறந்த பிள்ளையை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டவள்தான். ஆயினும் அந்த நேர்ச்சை மட்டும் சாமுவேலை இறைவாக்கினன் ஆக்கவில்லை. இரவில் ஆண்டவரே அவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருந்தது. முதிய குரு ஏலி இருமுறை புரிந்துகொள்ளாமல், போய்ப் படுத்துக்கொள் என்று சிறுவனைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறைதான் அவருக்கு விளங்கிற்று. தாயின் நேர்ச்சைக்கும் பிள்ளையின் அழைப்புக்கும் இடையே ஓர் இரவு இருக்கிறது. சியோமாராவின் கதை அந்த இரவைப் பற்றியது என்றே நாம் கொள்கிறோம்.

இக்கதையில் ஏலியின் இடத்தில் இருப்பவர் பங்குக்குரு ஷான். இவ்வகை நூல்களில் குரு வந்தாலே நாம் நெஞ்சைக் கையில் பிடித்துக்கொள்வோம். பெரும்பாலும் நகைப்புக்கோ வெறுப்புக்கோ உரியவராக வருவார். இங்கே அப்படியில்லை. தாய் இழுத்துவந்த ஒப்புரவு அருட்சாதனத்தில், மகளின் மனம் அங்கே இல்லை என்பதை அவர் கண்டுகொள்கிறார். இவள் இன்னும் ஆயத்தமாகவில்லை, காத்திருப்போம் என்று தாயிடம் எடுத்துச் சொல்கிறார். இறுதியில் தாயையும் மகளையும் தம்முன் அமர்த்திப் பேச வைப்பவரும் அவரே. அவர் அறிவாளி அல்லர். அவளுடைய கேள்விகளுக்கு வகுப்பில் அவர் தந்த விடைகளும் சுமாரானவைதாம். ஆனால் காத்திருக்கத் தெரிந்தவர்.

இந்த இடத்தில் நம் பழைய தவறு ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, உறுதிப்பூசுதலுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு பெண் பிள்ளை தனியே வந்து, "எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை, ஃபாதர், இப்போது வேண்டாமே" என்றாள். ஆயர் வரும் நாள் குறித்தாயிற்று, பெயர்ப்பட்டியல் போயாயிற்று, அவள் தாயோ புடைவை எடுத்தாயிற்று. அம்மா மனத்தை நோகடிக்காதே என்று புத்தி சொல்லி அனுப்பினோம். அவள் வரிசையில் நின்று கிறிஸ்மா பூசப்பெற்றாள். அதன்பின் ஆலயத்துள் அவளை நாம் காணவில்லை. அருட்சாதனம் பெறுபவர் தக்க பயிற்சியும் தக்க மனநிலையும் உடையவராய், திருமுழுக்கு வாக்குறுதிகளைத் தாமே புதுப்பிக்கக் கூடியவராய் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், எண் 889. குருமடத்தில் அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதினோம். சமயத்தில் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு அறிக்கையின்மேல் மறையுரையும் நிகழ்த்தினோம். படித்தது வேறு, செய்தது வேறு.

நூலுக்குத் திரும்புவோம். அரிசிமணிக் காட்சியைவிட ஆற்றல் மிக்கது குறிப்பேடு எரியும் காட்சி. இரட்டையன் பிறந்தநாள் பரிசாகத் தந்த தோலட்டைக் குறிப்பேட்டில்தான் அவள் தன் கவிதைகளை எழுதி வருகிறாள். அது தாயின் கையில் சிக்குகிறது. தாய் அதைக் கொளுத்துகிறார். மகள், எரியும் வரிகளை நினைவிலிருந்து உரக்கச் சொல்லத் தொடங்குகிறாள். தாய் செபவரிகளைச் சொல்கிறார். ஒரே அறையில், ஒரே நெருப்பின் முன், இருவர் இரு வேண்டல்களைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் செவியில் ஏறவில்லை. உரைநடையில் இதை எழுதினால் வருணனை புகுந்து கெடுத்திருக்கும். கவிதையின் துண்டு வரிகள் இதற்குப் பொருந்தி வருகின்றன.

வடிவம் இங்கே வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கலியானோ என்னும் ஆசிரியை வகுப்பில் தரும் கட்டுரைப் பயிற்சிகள் இடையிடையே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சியோமாரா எழுத விரும்பிய முதல் வரைவையும், எழுதிக் கொடுத்த இறுதி வரைவையும் அடுத்தடுத்து வைக்கிறார் ஆசிரியை. முதல் வரைவில் உண்மை இருக்கும். இறுதி வரைவில் பெரியவர்களுக்கு உவப்பான நாலு வரி இருக்கும். கண்டிப்பான வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் இப்படி இரண்டு வரைவுகளோடுதான் நடமாடுகிறார்கள். ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து நாம் கேட்பது பல வேளைகளில் அந்த இரண்டாம் வரைவையே. இதை எண்ணியபோது சற்றுக் கலக்கமாகவே இருந்தது.

நூலின் மூன்று பகுதிகளின் தலைப்புகளும் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை: தொடக்கத்தில் இருந்த வாக்கு, மனிதரான வாக்கு, பாலைநிலத்தில் ஒலிக்கும் குரல். ஒரு சிறுமியின் காதலுக்கும் கவிதைக்கும் இத்திருச்சொற்களைப் பயன்படுத்தலாமா என்று முதலில் முகம் சுளித்தோம். பின்னர் வரிசையைக் கவனித்தோம். கடைசித் தலைப்பு வாக்கைக் குறிப்பதன்று. வாக்குக்கு வழி அமைக்க வந்த திருமுழுக்கு யோவானைக் குறிப்பது. தான் வாக்கு அல்ல, குரல் மட்டுமே என்று சொன்னவர் அவர். கவிதையைக் கடவுளாக்கும் நோக்கம் ஆசிரியைக்கு இருந்திருந்தால் தலைப்புகளை வேறு வரிசையில் வைத்திருப்பார். நூலின் கடைசிக் கட்டுரைப் பயிற்சிக்கு அச்சிறுமி தேர்ந்தெடுப்பதும் 119ஆம் திருப்பாடலின் ஒரு வசனத்தையே; இறைவார்த்தையின் விளக்கம் பேதைக்கும் ஒளி தருகிறது என்னும் பொருள் கொண்டது அது. உறுதிப்பூசுதல் வேண்டாம் என்றவள் திருப்பாடலை விடவில்லை. தாய் ஊட்டியது வீண்போகவில்லை என்பதை மகளே அறியாமல் காட்டுகிறாள்.

இனித் திட்டவேண்டியவை. முடிவு அவசரப்படுகிறது. நெருப்புக்கும் நல்லுறவுக்கும் இடையே நாள்கள் மிகக் குறைவு. அவ்வளவு ஆழமான காயம் குருவின் அறையில் சில உரையாடல்களில் ஆறிவிடுவதாகக் காட்டுவது நம்பத்தக்கதாய் இல்லை. குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பணியில் முப்பது ஆண்டுகள் கழித்த நமக்கு, முதல் உரையாடலில் பெரும்பாலும் ஒரு கதவு சாத்தப்படும் என்பது தெரியும். அடுத்து, கவிதை மேடையும் கவிதை மன்றமும் குறையே இல்லாத ஓர் ஆலயம்போல் வருகின்றன. அங்கே பொறாமை இல்லை, போட்டி காயப்படுத்துவதில்லை. திருச்சபையை அத்தனை கூர்மையாய்ப் பார்த்த கண் அங்கே மட்டும் மங்கிவிடுகிறது. தந்தையும் நிழலாகவே நின்றுபோகிறார். பாவ வழியை விட்டவர் பேச்சையும் விட்டுவிட்டார்போலும். அந்த மௌனத்துக்குள் நுழைந்திருந்தால் இன்னொரு நூலே கிடைத்திருக்கும்.

ஆனால் இந்நூல் கிறிஸ்தவத்துக்குப் பகை என்று சொல்வதை நாம் ஏற்கவில்லை. அவ்வாறு சொல்லி வட கரோலினா மாநிலத்தில் பெற்றோர் 2020இல் நீதிமன்றம் சென்றனர். ஒரு பள்ளி இதைப் பாடமாக வைத்ததற்குத் தடை கேட்டனர். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சட்டத்தை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் சொல்வது வேறு. எத்தனை திருப்பாடல்கள் ஆண்டவரோடு வழக்காடுகின்றன! 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. அதைத் திருப்புகழ்மாலையிலிருந்து எவரும் நீக்கவில்லை. யோபுவின் வாயை அவர் நண்பர்கள் அடைக்கப் பார்த்தார்கள். ஆண்டவர் சினந்தது யோபுவின்மேல் அன்று, அந்த நண்பர்கள்மேல்.

இரண்டாம் நூல் எல்லன் ஹாப்கின்ஸ் எழுதிய 'பர்ன்ட்'. 2006இல் வந்தது. நெவாடா மாநிலத்து மார்மன் குடும்பம் ஒன்றின் மூத்த மகள் பேட்டின் கதை சொல்கிறாள். தந்தை வியட்நாம் போரில் பங்கேற்றவர், குடிகாரர், மனைவியை அடிப்பவர். ஆண்மகன் பிறக்க வேண்டும் என்னும் ஏக்கத்தில் ஏழு பெண்மக்களுக்கும் படைத்தலைவர்களின் பெயர்களைத் தழுவிப் பெயரிட்டிருக்கிறார். அடி வாங்கும் தாய், அது தன் கடமை என்று வாய்மூடிக் கிடக்கிறார். மகள் தவறினாள் என்று தொலைவில் உள்ள அத்தையின் பண்ணைக்கு அனுப்பப்படுகிறாள். அங்கேதான் முதன்முதலாக அன்பைக் காண்கிறாள். இதுவரை மனத்தைத் தொடுகிறது. அடிக்கும் கைக்கு மறைநூலை உறையாக மாட்டும் ஆண்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. நம் சபையிலும் உண்டு. அவ்வகையில் இந்நூலின் சினம் நியாயமானது.

ஆயினும் இலக்கியமாக இது குறைப்பட்டது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல். சொற்களைப் படிக்கட்டாகவும் இரு பத்திகளாகவும் அடுக்கிக் காட்டும் வித்தை முதல் ஐம்பது பக்கம் வியப்பூட்டுகிறது, பிறகு சலிப்பூட்டுகிறது. மார்மன் மறையைச் சார்ந்தவருள் ஒருவரேனும் மனம் கனிந்தவராய் உருப்பெறவில்லை. நம்பிக்கை ஏன் அவர்களுக்கு இனித்தது என்பது கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. கசந்தது மட்டுமே தெரிகிறது. முடிவில் விபத்து ஒன்றைக் கொண்டுவந்து, அவள் காதலனையும் பிறக்காத குழந்தையையும் பறித்து, பழிவாங்கும் எண்ணத்தில் அவளை நிறுத்திவிடுகிறார் ஆசிரியை. ஏழாண்டுகள் கழித்து 2013இல் தொடர்ச்சி எழுதினார் என்றாலும், இந்நூலை மட்டும் கையில் வைத்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஏழாண்டு நெடியது. துயரம் கதையிலிருந்து முளைக்க வேண்டும். கதையின்மேல் வந்து விழக்கூடாது.

மூன்றாவது நூல் புதினம் அன்று. ஜாக்குலின் உட்சன் தம் பிள்ளைப் பருவத்தைக் கவிதைகளாக எழுதிய 'பிரவுன் கேர்ள் டிரீமிங்'. 2014இல் வந்து தேசியப் புத்தக விருது பெற்றது. தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் பாட்டியின் வீட்டில் யெகோவா சாட்சிகளாக வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. பள்ளியில் கொடி உறுதிமொழி சொல்லும்போது வகுப்பை விட்டு வெளியே போய் நிற்க வேண்டும். வீடுவீடாகச் சென்று கதவைத் தட்ட வேண்டும். கண்டிப்பு என்றால் இதுவன்றோ கண்டிப்பு! ஆனால் அதே பாட்டி பிள்ளைகளின் தலைமுடியை வாரிப் பின்னிவிடுகிறார். அந்தச் சபையில் சேராத தாத்தா தோட்டத்தில் காய்கறி பயிரிடுகிறார். பிள்ளைகள் இருவரையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். சமயத்தை விலகி நின்று பழிக்காமலும், உள்ளே நின்று பூசி மெழுகாமலும், அது ஒரு பிள்ளையின் கைகால்களில் எப்படிப் படிந்திருக்கிறது என்பதை உட்சன் எழுதுகிறார். மூன்றிலும் கலையால் உயர்ந்தது இதுவே. எனினும் நம் தூக்கத்தைக் கெடுத்தது அசெவேடோவின் நூல்தான். காரணம் வாசகருக்கு விளங்கியிருக்கும்.

2025இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூலை 17 தேதியிட்டு, உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கைப் பற்றி ஒரு மடல் எழுதினார். குருமாணவரை எண்ணித் தொடங்கிப் பின் எல்லாருக்குமாக விரித்த மடல் அது. இளமையில் தாம் சாந்தா ஃபே நகர இயேசு சபைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்ததை அதில் நினைவுகூர்கிறார். பாடத்திட்டத்தில் இருந்த பழங்காப்பியம் மாணவருக்குக் கசந்தது. அதை வீட்டில் படியுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் படிப்போம் என்றாராம் அவர். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி ஏது? நாமோ தேம்பாவணி மனப்பாடப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்துவிட்டு, பிள்ளைகள் இலக்கியத்தில் ஆர்வம் காட்டுவதில்லை என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம்.

இந்நூலைப் பங்கு நூலகத்தில் வைக்கலாமா என்று மறைக்கல்வி ஆசிரியர் கூட்டத்தில் கேட்டோம். ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்குக் கடினம் என்றார் ஒருவர். உடலைப் பற்றிய வரிகள் வெளிப்படையாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார் இன்னொருவர். இருக்கின்றன, மறுக்கவில்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு, அதுவும் பெற்றோர் ஒருவரும் உடன் படிப்பதாய் இருந்தால் கொடுப்பது என்று முடிவாயிற்று. நூலைத் தந்த பெண்ணின் தாய், நம் ஆசிரியை, கூட்டம் முழுவதும் ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் எழுந்து சென்றபின் நூலைக் கையில் எடுத்து, "முதலில் நான் கொண்டுபோகிறேன், ஃபாதர்" என்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.